முப்பது நாள் நோட்டீஸ் யாருக்காக?

ரிஜிஸ்தர் கல்யாணம் என்றாலே நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. "ஓடிப் போய்ப் பண்ணிக்கிறதுதானே சார் அது?" என்பார்கள். அதே மனிதர்கள் மகளுக்கு விசா எடுக்கும்போது மேரேஜ் சர்டிபிகேட் எங்கே என்று பீரோவைக் குடைவார்கள். இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது, அதில் எது அநியாயம் என்று எனக்குப் பட்டதை இன்று எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'ரிஜிஸ்டர் பண்றது' என்ற ஒரே பேச்சில் இரண்டு வேறு காரியங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, கோயிலிலோ சர்ச்சிலோ மண்டபத்திலோ நடந்து முடிந்த கல்யாணத்தை அரசாங்கப் புத்தகத்தில் பதிவது. எல்லா மதத்துக் கல்யாணத்தையும் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 14 அன்று சீமா வழக்கில் சொன்னது. அதன் பிறகு தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் வந்தது, 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்யாணம் ஆகி 90 நாளுக்குள் பதிய வேண்டும். செலவும் அலைச்சலும் அதிகமில்லை.

இரண்டாவது, சார்பதிவாளர் முன்னிலையிலேயே கல்யாணம் செய்துகொள்வது. இது 1954-ம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். வேறு வேறு மதத்தைச் சேர்ந்த இருவர், யாரும் மதம் மாறாமல் கணவன் மனைவி ஆக வேண்டும் என்றால் நம் நாட்டில் உள்ள நேர் வழி இதுதான். நான் சண்டை போட வந்திருப்பது இந்தச் சட்டத்தின் ஒரு பகுதியோடு.

அமெரிக்காவில் கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் வாங்க வேண்டும். பிள்ளைகள் அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். நியூயார்க் மாநிலத்தில் லைசென்ஸ் வாங்கி 24 மணி நேரம் காத்திருந்தால் போதும். டெக்சாஸில் 72 மணி நேரம். நம் சட்டத்தில் லைசென்ஸ் என்ற பெயர் இல்லை, நோட்டீஸ் என்று பெயர். ஆனால் காத்திருக்க வேண்டியது 30 நாள். சும்மா காத்திருப்பதும் இல்லை.

நடைமுறையைப் பாருங்கள். இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாளாக அந்த மாவட்டத்தில் குடியிருக்க வேண்டும். பெயர், வயது, தொழில், விலாசம் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத் திருமண நோட்டீஸ் புத்தகத்தில் ஏற்றுவார்கள். அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் புரட்டிப் பார்க்கலாம். நோட்டீஸின் நகலை ஆபீஸில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுவார்கள். இத்தோடு விட்டார்களா? இருவரில் ஒருவருக்கு நிரந்தர விலாசம் வேறு மாவட்டம் என்றால், நகல் அந்த மாவட்டத்து அதிகாரிக்குப் போய் அங்கேயும் ஒட்டப்படும். எண்ணூர் கம்பெனியில் வேலை செய்யும் பெண் சொந்த ஊரிலிருந்து எத்தனை தூரம் தள்ளி வந்திருந்தாலும் அந்தக் காகிதம் ஊருக்குப் போய்விடும்.

பிறகு 30 நாள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். வந்தால் அதிகாரி விசாரிக்க இன்னொரு 30 நாள். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்கவில்லை என்றால் அது காலாவதி. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எந்தக் காரணத்துக்கு ஆட்சேபிக்கலாம்? ஏற்கனவே உயிரோடு துணை இருக்கக் கூடாது, சம்மதம் சொல்லும் மனநிலை இருக்க வேண்டும், ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 ஆகியிருக்க வேண்டும், விலக்கப்பட்ட உறவாக இருக்கக் கூடாது. இவ்வளவுதான். சாதி இதில் இல்லை. மதம் இல்லை. அப்பா அம்மா சம்மதமும் இல்லை. பொய்யாக, வேண்டுமென்றே ஆட்சேபித்தவருக்கு என்ன தண்டனை தெரியுமா? அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் செலவுத்தொகை. 1954-ல் அது பெரிய காசு. இன்றைக்கு நாலு பேர் பிரியாணி சாப்பிட்டால் காலி.

இப்போது நம் இராயபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கே பெயர் கொடுத்தவர் இராயப்பர், அதாவது புனித பீட்டர். படகோட்டி மக்கள் கட்டிய அவருடைய ஆலயம் இங்கே இருக்கிறது. பார்சிகளின் அக்னிக் கோயில் இருக்கிறது. பள்ளிவாசல்கள், அம்மன் கோயில்கள் எல்லாம் கூப்பிடு தூரத்தில். இந்துவுக்கு 1955-ம் வருடத்துச் சட்டம், கிறிஸ்தவருக்கு 1872-ம் வருடத்துச் சட்டம், பார்சிக்கு 1936-ம் வருடத்துச் சட்டம், முஸ்லிம்களுக்கு நிக்காஹ். அவரவர் வட்டத்துக்குள் கட்டிக்கொண்டால் யாருக்கும் இந்த 30 நாள் காவல் கிடையாது. நாளைக்கே முகூர்த்தம் வைக்கலாம். மண்டபத்தில் தாலி கட்டும் முன் எந்த அதிகாரியும் வந்து, இவனுக்கு ஏற்கனவே பெண்டாட்டி இருக்கிறாளா என்று கேட்பதில்லை. தெருவைத் தாண்டிக் கட்டிக்கொண்டால் மட்டும் பலகையில் ஏற்றுகிறார்கள். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்றால் இது எந்த வகைச் சமம்?

இந்த இடத்தில் மூன்று பதில் வரும் என்று எனக்குத் தெரியும். மூன்றையும் பார்ப்போம்.

"நம்ம சர்ச்சிலும் மூணு ஞாயிறு ஓலை வாசிக்கிறாங்களே, அது மட்டும் சரியா?" என்பது முதல் கேள்வி. நல்ல கேள்வி. ஓலை வாசிப்பது அந்தப் பங்கு மக்கள் முன்னால். பையனும் பெண்ணும் அந்தச் சபையில் வளர்ந்தவர்கள், அவர்களே விரும்பி அங்கே கல்யாணம் கேட்டவர்கள். தக்க காரணம் இருந்தால் ஓலைக்கு விலக்கு தர ஆயருக்கு அதிகாரம் உண்டு. திருச்சபைக்கு இருக்கிற அந்த இளக்கம்கூட அரசாங்கச் சட்டத்துக்கு இல்லை. இங்கிலாந்திலும் பதிவு அலுவலகத்தில் 28 நாள் நோட்டீஸ் போடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொள்ளும் எல்லாருக்கும் அது பொது. இங்கே போல மதம் தாண்டியவர்களை மட்டும் தேடிப் பிடிக்கும் வலையாக அது இல்லை.

"பெத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்பது இரண்டாவது. தெரிய வேண்டும்தான். பெற்ற வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அதைத் தெரிவிக்க வேண்டியது பிள்ளை, சார்பதிவாளர் அல்ல. 21 வயது வரை வளர்த்த வீட்டில் பிள்ளை வாய் திறந்து சொல்லப் பயப்படுகிறது என்றால் அந்தக் குறையை நோட்டீஸ் போர்டு தீர்க்காது. பெற்றோர் கையெழுத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சிலர் அவ்வப்போது கிளம்புகிறார்கள். ஓட்டுப் போட யார் கையெழுத்தும் வேண்டாம், கப்பலேறி வேலைக்குப் போக வேண்டாம், வாழ்க்கைத் துணையைத் தேட மட்டும் வேண்டுமாம். வயது வந்த இருவர் மனமொத்துக் கட்டிக்கொள்ள குடும்பமோ ஊரோ சாதியோ அனுமதி தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மூன்றாவது, "ஏமாத்துக்காரன் மாட்டுவானே?" இதைத்தான் நல்ல மனசுக்காரர்களும் சொல்கிறார்கள். இதற்கு நம் திருவொற்றியூரிலேயே பதில் இருக்கிறது.

சுந்தரர் கதை தெரியாதவர்கள் இங்கே யார்? ஆரூரில் பரவையார் இருக்கும்போதே ஒற்றியூரில் பூத்தொடுக்கும் சங்கிலியாரை விரும்பினார். பிரிய மாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும் என்றதும், அந்த நேரத்துக்கு நீ மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று இறைவனிடமே கேட்டுக்கொண்டார். இறைவனோ சங்கிலியார் கனவில் வந்து, மகிழடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். சுந்தரர் மாட்டிக்கொண்டார். பிறகு சத்தியத்தை மீறி ஊர் எல்லை தாண்டியதும் கண் போயிற்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது.

எனக்கு அந்தக் கதையில் தெரிவது இது. சங்கிலியாரைக் காப்பாற்ற இறைவன் ஊரைக் கூட்டவில்லை. தெரிய வேண்டியதை அந்தப் பெண்ணிடம் சொன்னார். கேள்வி கேட்டதும் சத்தியம் வாங்கியதும் அவர்தான். மீறியவருக்குத் தண்டனை கிடைத்தது. ஒரு பெண்ணை ஏமாற்றுக்காரனிடமிருந்து காப்பாற்ற இந்த மூன்றும்தான் வேண்டும். உண்மை அவள் கைக்கு வர வேண்டும், சத்தியம் எழுத்தில் இருக்க வேண்டும், மீறினால் தண்டனை வேண்டும். இதில் இரண்டு ஏற்கனவே சட்டத்தில் இருக்கிறது. மூன்று சாட்சிகளோடு உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறார்கள். பொய் உறுதிமொழிக்கும் தண்டனை உண்டு. ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டினால் ஏழு வருடம் வரை ஜெயில். மிச்சம் உள்ளது உண்மையைத் தேடிக் கொடுப்பது. கல்யாணங்களைப் பதிந்து பதிந்து வைத்திருப்பது பதிவுத்துறைதான். இவன் பெயரில் ஏற்கனவே பதிவு இருக்கிறதா என்று தேடிப் பெண்ணிடம் சொல்லட்டும். அது ஆபீஸ் வேலை. தாழ்வாரத்தில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து, எங்கோ இருக்கும் முதல் மனைவி ஓடி வந்து ஆட்சேபிப்பாள் என்று நம்புவது சட்டமா, லாட்டரிச் சீட்டா?

அந்தக் காகிதத்தை யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் நண்பர் மகனுக்காகச் சாட்சிக் கையெழுத்துப் போட மூன்று பேர் தயாராக இருந்தோம். பையன் கிறிஸ்தவன், பெண் இந்து. இருவருக்கும் வேலை இருந்தது, வயதும் இருந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை. நோட்டீஸ் கொடுக்கும்போதே அங்கிருந்தவர், "உங்க அப்பாவுக்குத் தெரியுமாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் மூன்று முறை கேட்டார். பாரத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. இரண்டாவது வாரத்தில் பெண்ணின் தாய்மாமன் கையில் அந்த நோட்டீஸின் போட்டோ இருந்தது. யாரும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கவில்லை. கொடுக்கச் சட்டத்தில் காரணமே இல்லையே. வேன் எடுத்துக்கொண்டு வந்து பெண்ணை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று மாதம் முடிந்து நோட்டீஸ் காலாவதியானது. நாங்கள் கையெழுத்துப் போட வேண்டிய நாள் வரவேயில்லை.

ஊருக்குக் கூட்டிப் போவதோடு நின்றால் அதுவே பெரிய விஷயம் என்ற நிலையில்தான் நம் மாநிலம் இருக்கிறது. உடுமலை சங்கரை 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் பேருந்து நிலையத்தருகே வெட்டினார்களே, அது கல்யாணம் முடிந்து மாதக்கணக்கில் ஆன பிறகு. கல்யாணத்துக்கு முன்பே விலாசத்தோடு 30 நாள் அவகாசம் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா?

நம் தமிழ்நாடு இதற்கு ஒரு பாதி வழியை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைக் கல்யாணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா ஆட்சிக்கு வந்ததும் 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார். உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னால் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால் போதும். நோட்டீஸ் இல்லை, 30 நாள் இல்லை. வக்கீல் ஆபீஸில் ரகசியமாக நடந்தால் செல்லாது என்று 2014-ல் ஒரு தீர்ப்பு வந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. குடும்ப எதிர்ப்பும் உயிர்ப்பயமும் உள்ளவர்களை ஊரறியச் செய் என்று கட்டாயப்படுத்துவது அவர்களை ஆபத்தில் தள்ளுவது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆனால் 7-ஏ இரண்டு இந்துக்களுக்கு மட்டும். சாதி தாண்டியவனுக்குக் கதவு திறந்திருக்கிறது, மதம் தாண்டியவனுக்குப் பலகை காத்திருக்கிறது. உயிர்ப்பயம் இருவருக்கும் ஒன்றுதானே? அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில், ஜோடி கேட்டால் மட்டும் நோட்டீஸை வெளியிட்டால் போதும் என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. அடையாளம், வயது, முந்தைய கல்யாணம் எல்லாவற்றையும் அதிகாரி கறாராகப் பார்க்கட்டும். அதற்குச் சில நாள் எடுத்துக்கொள்ளட்டும். பலகையில் ஒட்டுவதையும், கண்டவர் புத்தகத்தைப் புரட்டுவதையும், சொந்த ஊருக்கு நகல் அனுப்புவதையும் சட்டத்திலிருந்து எடுக்கட்டும். டெல்லியில் எடுக்க வேண்டியது அது. பாரத்தில் இல்லாத கேள்வியைக் கேட்காதே என்று ஊழியருக்கு ஓர் உத்தரவு போட டெல்லி வேண்டியதில்லை, கோட்டையே போதும்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பத்திரம் பதிய, வில்லங்கம் போட என்று அந்த ஆபீஸ்களுக்கு அடிக்கடி போகிறவர்கள் நாம்தான். வரிசையில் பொழுது போகாமல் அந்தப் பலகையைப் படித்து, "அட, இது நம்ம தெருப் பொண்ணு" என்று போனை எடுப்பதும் பெரும்பாலும் நாம்தான். சட்டம் மாறும்போது மாறட்டும். அதுவரை அந்தப் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.