உதவப் புறப்பட்டவன் உதவி பெற்ற கதை

சென்ற வாரம் என் மருமகன் வீட்டுக்கு வந்திருந்தான். வவுனியாவிலே உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளை. கையிலே ஒரு கொப்பி; பெயரும் தொகையும் எழுதுவதற்கு அதில் ஒழுங்காகக் கோடிட்டிருந்தான்.

"மாமா, நாங்கள் பன்னிரண்டு பேர் வருகிற மார்கழி விடுமுறையில் யாழ்ப்பாணம் வரைக்கும் சைக்கிளிலே போகிறோம். சேருகிற காசில் தூரத்திலிருந்து நடந்து வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்போம். நீங்கள் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டான்.

"காசு இருக்கட்டும். எத்தனை நாளாகப் பழகுகிறாய்?" என்றேன்.

"பழகுவதா? ஏழு வயதிலிருந்து சைக்கிள் ஓடுகிறேனே!" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நான் நன்கு அறிவேன். பத்தாண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் சிரித்தேன்.

நேயர்களே, உடலை வருத்தி நெடுந்தூரம் சென்று, அதன் பேரால் அறத்துக்குப் பொருள் திரட்டுதல் நல்லதொரு வழக்கம். அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்பவர் 1980ஆம் ஆண்டில் 36 பேருடன் சைக்கிளிற் புறப்பட்டார். அவ்வாண்டு சேர்ந்தது 10,200 டொலர். அதே பயணம் பின்னர் ஆயிரக்கணக்கானோர் பங்குகொள்ளும் பெருவிழாவாக வளர்ந்து, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பெருநிதியை ஈட்டித் தந்திருக்கிறது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்னும் நண்பர்கள் இருவர், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரைக்கும் 650 கிலோ மீற்றருக்கு மேல் கால்நடையாகவே நடந்தனர். திரண்ட பொருள் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பயன்பட்டது. 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி மீண்டும் நடந்து, காலி கராப்பிட்டியவில் அத்தகைய மருத்துவமனைக்கு நிதி சேர்த்தனர். தெற்கு வடக்குக்கும், வடக்கு தெற்குக்கும் நடந்த நடை அது. அவுஸ்திரேலியாவில் இயங்கும் பல்மைரா என்னும் அறநிறுவனமும் நம் வடபுலத்துக்குச் சைக்கிட் பயணங்களை நடத்தி, வாழ்வாதாரப் பணிகளுக்கு நிதி திரட்டியிருக்கிறது.

இவற்றைக் கேள்வியுற்ற உற்சாகத்தில்தான், வவுனியாவிலிருந்து புறப்பட்ட ஒரு சிறு குழுவுடன் நானும் சேர்ந்துகொண்டேன். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோ மீற்றர். சித்திரை வெயில். பேச்சுகளும் மாலைகளும் முடிந்து புறப்படும்போது மணி ஒன்பது. நானோ காலை உணவை உண்ணவில்லை. ஓமந்தையும் புளியங்குளமும் பறந்து போயின. இளைஞர்களை முந்த வேண்டும் என்ற வீம்பு வேறு! கனகராயன்குளத்தைத் தாண்டியபோது தண்ணீர்ப் போத்தல் வெறுமை. கண்ணுக்கு முன்னே வீதி ஆடிற்று. ஒரு படலையின் ஓரத்தில் சைக்கிளோடு சாய்ந்துவிட்டேன். துணைக்கு வந்த வாகனமோ முன்னே போய்விட்டது.

தகரக் கூரையிட்ட சிறு வீடு. மத்தியான உணவுக்கு வந்து, மறுபடி கூலி வேலைக்குப் புறப்பட்டு நின்ற ஓர் அம்மா ஓடி வந்தார். "தம்பி, முதலில் நிழலில் இருந்து ஆறுங்கோ. தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குடியுங்கோ" என்றார். தலையை நனைத்தார். உப்பிட்ட கஞ்சி கொண்டுவந்தார். பிற்பகல் முழுவதும் வேலைக்குப் போகாமல் என்னருகிலேயே விசிறிக்கொண்டிருந்தார்.

உயிர் திரும்பியதும், "எதற்காக இந்த வெயிலில் ஓடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"ஏழைப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்க அம்மா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற சிறுமியைக் காட்டி, "இவளும் நாலு கட்டை நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள்" என்று மட்டும் சொன்னார்.

எவருக்கு உதவப் புறப்பட்டேனோ அவரின் அரைநாட் கூலியை நான் அழித்துவிட்டேன்! பணம் நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். அன்று பட்ட நாணத்தை இன்றும் மறக்கவில்லை. அச்சிறுமிக்குச் சைக்கிள் பின்னர் போய்ச் சேர்ந்தது. ஆயினும் அந்த அரைநாட் கூலி என் கணக்கில் இன்னும் கடனாகவே நிற்கிறது.

வன்னி மக்களுக்குச் சைக்கிள் விளையாட்டுப் பொருளன்று. தொண்ணூறுகளில், எரிபொருளுக்குத் தடையிருந்த காலத்தில், நெல் மூட்டையும் விறகும் நோயாளியுங்கூடக் கரியலிலேதான் ஏறிச் சென்றன. அந்த மண்ணில் சைக்கிளேறி அறஞ் செய்யப் போகிறவன் அவர்களுக்குச் சுமையாகாதிருக்கக் கடமைப்பட்டவன். பயிற்சி என்பது அதற்காகவே. பெருமைக்காக அன்று.

ஆகவே மருமகனை இருத்திச் சில சொன்னேன். மாணவர்களுக்குப் பயன்படுமாதலால் ஈண்டும் தருகிறேன்.

நம் ஏ-9 வீதியில் மலையில்லை. அதனால் எளிது என்று எண்ணாதே. இறக்கமில்லாத வீதியில் காலுக்கு ஓய்வுமில்லை. பத்துக் கிழமைகளுக்கு முன்பே தொடங்கு. கிழமையில் மூன்று நாள் ஓடு. அவற்றில் ஒரு நாள் நெடுந்தூரமாக இருக்கட்டும். முதலில் 40 கிலோ மீற்றர். பின்னர் ஒவ்வொரு கிழமையும் சிறிது சிறிதாகவே கூட்டு. நாலாங் கிழமை குறைத்து ஓடி உடலை ஆறவிடு. 100 கிலோ மீற்றரை ஒரே நாளில் களைப்பின்றி ஓடியவன் 140ஐயும் ஓடுவான். பக்கத்தில் வருபவனோடு பேசிக்கொண்டு போகக்கூடிய வேகமே உன் வேகம்.

பெடல் கீழே நிற்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்குமாறு இருக்கையை உயர்த்து. ரயருக்கு ஒட்டுப்போடவும் சங்கிலியை மாட்டவும் நீயே கற்றுக்கொள்.

தாகம் எடுக்குமுன் குடி. மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாதே. வெறுந்தண்ணீர் மட்டும் போதாது. உப்பிட்ட மோரும் வேண்டும். எள்ளுருண்டை, வாழைப்பழம், பனங்கட்டி என்று மணிக்கொரு முறை சிறிது உண். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் எல்லா வாகனங்களும் நிற்கின்றன; நீங்களும் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துவிட்டுப் போங்கள்.

மார்கழியில் மழையும் உண்டு. வடக்கே போகிறவனுக்கு வாடைக்காற்று முகத்திலே அடிக்கும். ஆனையிறவிலோ ஒதுங்க மரமில்லை. இருபுறமும் நீர்வெளி, காற்றுக்குத் தடையில்லை. மாசிக்குத் தள்ளிவை. விடிந்ததும் புறப்படு; இருளிற் போகாதே. மாடு வீதியிற் படுத்திருக்கும். காட்டோரத்தில் யானையும் வரலாம். முகமாலைப் பக்கம் போருக்குப் பின் பல ஆண்டுகள் மிதிவெடி அகற்றிய நிலம். வீதியை விட்டு இறங்காதே.

இறுதியாக ஒன்று. சேர்ந்த பணத்துக்குக் கணக்கு எழுது. உங்கள் சட்டைக்கும் சாப்பாட்டுக்கும் அதிலே ஒரு சதமும் எடுக்கலாகாது. அச்செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். எத்தனை சைக்கிள், எந்தப் பள்ளிக்கூடம், என்ன விலை என்பதைப் பணம் தந்த ஒவ்வொருவருக்கும் எழுதி அறிவியுங்கள். பிள்ளைகளை மேடையில் வரிசையாய் நிறுத்திப் படம் பிடிக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கும் மானம் உண்டன்றோ?

மருமகன் வெகுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்படியானால் மாசிக்குத்தான் போக வேண்டும், மாமா" என்றான். கொப்பியை என் முன்னே விரித்தான்.

என் பெயரை எழுதினேன், தொகையை எழுதவில்லை. "நூறு கிலோ மீற்றர் ஓடி முடித்த அன்று வா. சைக்கிள் ஒன்றின் முழு விலையையும் தருகிறேன்" என்றேன்.

மறுநாட் காலை ஐந்தரை மணிக்கு வாசலிலே சைக்கிள் மணி கேட்டது. "மாமா, நீங்களும் வாருங்கோ!" என்று கூப்பிட்டான். என் பழைய சைக்கிளின் ரயர்களில் காற்றில்லை. பம்மைத் தேடி எடுத்தேன்.