மீதிப் பத்து எங்கே?

“மேலைநாட்டு இசைக்குப் பன்னிரண்டு சுரங்கள்தாம், நம் தமிழிசைக்கோ இருபத்திரண்டு!” தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயின்றபோது பேச்சுப் போட்டி மேடையில் நான் முழங்கிய வரி இது. கைத்தட்டலும் கிடைத்தது, கிண்ணமும் கிடைத்தது. பின்னர், இடைநிலைப்பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்த சீன நண்பனிடம் அதே வரியைத் தட்டுத்தடுமாறி மலாயில் ஒப்புவித்தேன். “அப்படியா? எங்கே, மீதிப் பத்தையும் பாடிக் காட்டு” என்றான். எனக்கு வாயடைத்துப் போயிற்று.

அதே முழக்கத்தை இன்றும் நம் கலை இரவு மேடைகளில் கேட்கிறேன். எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நாம், அந்த நுண்ணொலிகளைச் செவியால் கேட்டறிந்ததுண்டா?

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். நுண்ணிய இசை இடைவெளிகள் நம் தனிச்சொத்து அல்ல. ‘ச’வுக்கும் ‘ப’வுக்கும் உள்ள அதிர்வெண் விகிதம் 2:3. இப்படி ‘ப’விலிருந்து அதன் ‘ப’வுக்கு எனப் பன்னிரண்டு முறை ஏறினால், ஏழு ஸ்தாயி கடந்து மீண்டும் ‘ச’வில் வந்து நிற்க வேண்டும். நிற்பதில்லை! ஒன்றரையைப் பன்னிரண்டு முறை அடுக்கிப் பெருக்கினால் ஏறக்குறைய 129.75, இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. இந்தச் சிறு மிச்சத்தை மேலைநாட்டார் ‘பித்தகோரஸ் கொமா’ என்பர். ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாகப் பகுத்தால், அது சுமார் 23.5 சென்ட். பியானோவின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு.

இந்த மிச்சத்தை எங்கே ஒளிப்பது? ஐரோப்பியருக்கு இது பல நூற்றாண்டுத் தலைவலி. 16-ஆம் நூற்றாண்டில், காந்தாரம் இனிக்க வேண்டுமென்று பஞ்சமங்களைச் சற்றே குறுக்கினர். பிழையெல்லாம் ஓரிடத்தில் குவிந்து ஊளையிட்டது. அதற்கு ‘ஓநாய்’ என்றே பெயர் வைத்தனர். இன்றைய கீபோர்டோ அந்தக் கொமாவைப் பன்னிரண்டு பஞ்சமங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுகிறது. இந்தச் சமப் பகுப்பைச் சீனாவின் மிங் வம்ச இளவரசர் சூ சாய்யூ 1584-இலேயே கணக்கிட்டு எழுதியுள்ளார். ஆக, பன்னிரண்டு என்பது அறியாமையன்று. எந்தச் சுருதியிலும் வாசிப்பதற்காகத் தெரிந்தே செய்துகொண்ட சமரசம்.

சரி, நம் இருபத்திரண்டு? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என 22 மாத்திரை சொல்லப்படுகிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணத்தில் படித்தோமே, அதுபோன்ற அளவை இது. முழக்கோலில் உள்ள கோடுகளை எண்ணிவிட்டு, “என்னிடம் இத்தனை வேட்டிகள்” என்று சொல்லலாமா? என் நண்பன் கேட்ட மீதிப் பத்து இருந்தால்தானே பாடிக் காட்ட!

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தில் 22 என்னும் கணக்கையே மறுத்தார். ஸ்தாயியில் 24 சம அளவான சுருதிகள் உண்டென வாதிட்டார். வியப்பு என்னவென்றால், அந்த 24-க்குள் பியானோவின் 12-உம் அப்படியே அடங்கிவிடுகிறது! அவர் கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அவர் கணக்கிட்டார். 1916-இல் பரோடா இசை மாநாட்டில் அறிஞர்கள் முன் வைத்தார். நாம் வெறுமனே முழங்குகிறோம்.

கீபோர்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கலை இரவு ஒத்திகையின்போது பத்து நிமிடம் அதை அணைத்துவிட்டு, தம்புராவின் சுருதியில் அந்தர காந்தாரத்தைப் பாடிப் பார்ப்போம். நல்ல தம்புராவில் அந்தக் காந்தாரம் தானாகவே எழுந்து ஒலிக்கும். ‘சுயம்பு காந்தாரம்’ என்பர். நம் குரல் அதோடு கலந்தபின் கீபோர்டின் காந்தாரத்தைத் தட்டிப் பாருங்கள். சுமார் 14 சென்ட் உயர்ந்து நிற்கும். அந்த வேறுபாட்டைக் கேட்டறிந்த செவிக்கு எண்ணிக்கைப் பெருமை தேவைப்படாது.

அந்த நண்பனை மீண்டும் சந்தித்தால் சொல்வேன்: “பத்தெல்லாம் இல்லையடா. ஒன்றே ஒன்றுதான். கேள்!” பாடிக் காட்ட முடிந்ததே நம்முடையது.