கட்டம் பொதுவாக இருக்கலாம், படம் யாருடையது?

சென்ற மாதம் நமது சங்க அலுவலகத்துக்கு உறுப்பினர் ஒருவர் வக்கீல் நோட்டீஸ் ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்தார். மசாலாப் பொடி, அப்பளம், முறுக்கு வகைகளைப் பாக்கெட் போட்டு மொத்தமாக விற்பவர். சில ஆண்டுகளாகக் கனடாவில் டொராண்டோ வட்டாரத்து ஈழத்தமிழர் மளிகைக் கடைகளுக்கும் சரக்கு அனுப்பி வருகிறார். ஜூலை 1 அங்கே கனடா தினம். அதையொட்டிப் பரிசுப் பெட்டி ஒன்று போட்டால் விற்கும் என்று அங்குள்ள கடைக்காரர் யோசனை சொல்லியிருக்கிறார். பெட்டியின் ஓரத்தில் அந்நாட்டு அடையாளமான 'டார்டன்' கட்டத்தை அச்சிட்டால் எடுப்பாக இருக்கும் என்று இவருடைய மகன் சொல்லியிருக்கிறார். பையன் கணினியில் தேடினான், அழகான படம் ஒன்று கிடைத்தது, அச்சகத்துக்கு அனுப்பினான், பெட்டியும் தயாராகிக் கப்பலேறியது.

பிறகு வந்ததுதான் நோட்டீஸ். அந்தப் படம் ஒரு புகைப்பட நிறுவனத்துக்குச் சொந்தமாம். பெட்டி அடித்த செலவைவிட அவர்கள் கேட்ட தொகை அதிகம். "அரசாங்கத்தின் துணி ஐயா இது! நம்ம தேசியக்கொடி மாதிரி. இதற்குப் போய் ஒருத்தன் சொந்தம் கொண்டாடலாமா?" என்று உறுப்பினர் கொதித்தார். அவர் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இன்று நம்மில் பலர் பை, லேபிள், காலண்டர், நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் இதே வழியில்தான் படம் எடுக்கிறோம்.

டார்டன் என்பது ஸ்காட்லாந்துக்காரர்களின் கட்டம் போட்ட கம்பளித் துணி. நம் கைலியில் பாவிலும் ஊடையிலும் வண்ண நூல் ஓடிக் கட்டம் விழுவது போலத்தான். அங்கே குலத்துக்கு ஒரு கட்டம், ஊருக்கு ஒரு கட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து குடியேறியவர்கள் நிறைந்த கனடாவில் மாகாண அரசுகளே தங்களுக்கென்று கட்டங்களை ஏற்றுக்கொண்டன.

அவற்றின் கதைகள் நம் போன்ற வணிகர்களுக்குச் சுவையானவை. நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 1953-இல் ஆடு வளர்ப்போருக்கான ஒரு கண்காட்சிக்குப் பெஸ்ஸி மர்ரி என்ற நெசவாளர் சித்திரத் திரை ஒன்று செய்தார். அதில் ஓர் ஆட்டிடையன். அவனுக்கு எந்தக் குலத்தின் கட்டத்தைப் போட்டாலும் மற்றக் குலத்தார் முகம் சுளிப்பார்களே என்று, யாருக்கும் சொந்தமில்லாத புதுக் கட்டம் ஒன்றை உண்டாக்கி உடுத்திவிட்டார். பார்த்தவர்களெல்லாம் அந்தத் துணி வேண்டும் என்றார்கள். 1956-இல் அது எடின்பரோவில் முறைப்படி பதிவாயிற்று. நியூஃபவுண்ட்லாந்து கட்டத்தை 1955-இல் வகுத்தவர் சாமுவேல் விலான்ஸ்கி. அவர் செயின்ட் ஜான்ஸ் நகரத்து வாட்டர் தெருவில் கடை வைத்திருந்தவர், நம் இனம்! நம் உறுப்பினர் பெட்டியில் போட்ட 'மேப்பிள் லீஃப்' கட்டத்தை 1964-இல் டேவிட் வைசர் என்பவர் வகுத்தார். மேப்பிள் இலை கோடையில் பச்சை, பிறகு பொன்னிறம், முதல் பனிக்குச் சிவப்பு, உதிர்ந்தபின் பழுப்பு என்று மாறும் நான்கு நிறங்களும் அதில் உண்டு. 2011 மார்ச்சில்தான் கனடா அரசு அதைத் தேசிய அடையாளங்களில் ஒன்றாக அறிவித்தது. ஒன்டாரியோ மாகாணம் தன் கட்டத்துக்கென்று 2000-இல் தனிச் சட்டமே போட்டது.

ஆகவே 'அரசாங்கத்தின் துணி' என்று நம் உறுப்பினர் சொன்னது தவறில்லை. ஆனால் அவர் பெட்டியில் போட்டது துணியை அல்ல. ஒருவர் விளக்கு வைத்து, மடிப்பு விழ விரித்து, காமிரா பிடித்து எடுத்த படத்தை. கட்டம் ஒன்று, அதன் படம் இன்னொன்று. மீனாட்சியம்மன் கோபுரம் ஊருக்கே பொது என்பதால் அதைப் படமெடுத்தவரின் உழைப்பும் பொது ஆகிவிடாது. நம் நாட்டுச் சட்டப்படியும் புகைப்படத்துக்கு, எடுத்தவரின் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும் உரிமை நிற்கிறது. வணிக நோக்கில் தெரிந்தே அதை மீறினால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் குறைந்தது ஆறு மாதச் சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம் என்று பேசுகிறது. இது பலருக்குத் தெரியாது.

பழைய புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். ஸ்காட்லாந்தின் பழைய குலக் கட்டங்களுக்கு அது செல்லும். ஜேம்ஸ் லோகன் 1831-இல் வெளியிட்ட நூலிலேயே பல கட்டங்களின் கணக்கு இருக்கிறது, அதற்கு எப்போதோ உரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் கனடாவின் மாகாணக் கட்டங்கள் எல்லாம் 1953-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவை. உரிமை தீர்ந்த பழைய புத்தகம் எதிலும் அவை கிடைக்கமாட்டா. இங்கேதான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். தேடினால் கிடைப்பதெல்லாம் நேற்று எடுத்த படங்களாகவே இருக்கின்றன.

ஸ்காட்லாந்து அரசு 2008-இல் சட்டம் இயற்றி, 2009 பிப்ரவரி முதல் டார்டன்களுக்கென்று ஒரு பதிவேட்டை எடின்பரோவில் நடத்திவருகிறது. கனடாவின் கட்டங்களும் அதில் உள்ளன. இணையத்தில் யாரும் பார்க்கலாம். சிலர், 'பதிவேட்டில் இருக்கிறது, எனவே எடுத்துக்கொள்ளலாம்' என்கிறார்கள். வேறு சிலர், 'பதிவாகிவிட்டது, எனவே தொடக்கூடாது' என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. அந்தப் பதிவு யாருக்கும் பதிப்புரிமை தருவதில்லை, இருக்கிற உரிமையைப் பறிப்பதுமில்லை. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் யார் வகுத்தது, எந்த ஆண்டு, கட்டுப்பாடு ஏதும் உண்டா என்று குறிப்பு இருக்கிறது. நாம் படிக்க வேண்டியது அந்தக் குறிப்பை. படத்தை அள்ளுவதற்கு அங்கே போகக்கூடாது.

சரி, வழிதான் என்ன? நாமே வரைந்துகொள்வதுதான். இது கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் டார்டன் விஷயத்தில் மிக எளிது. டார்டன் என்பது ஓவியம் அல்ல, கணக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் இழைக் கணக்கு என்று ஒன்று உண்டு. உதாரணத்துக்குக் கறுப்பு 4, சிவப்பு 24, கறுப்பு 24, மஞ்சள் 4 என்று ஒரு கணக்கு இருந்தால், இழைகளை அந்த வரிசையில் வைத்துக்கொண்டு போய், மஞ்சளில் திரும்பி அதே வழியில் பின்னோக்கி வர வேண்டும். மறுபடி முதல் கறுப்பில் திரும்ப வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு 104 இழை. பாவில் எந்த வரிசையோ ஊடையிலும் அதே வரிசை. மூன்று நிறம் போட்டால் கலப்பு நிறம் மூன்று சேர்ந்து மொத்தம் ஆறு நிறம் தெரியும். நான்கு போட்டால் பத்து. கொள்முதல் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு இது புரியாததில்லை. அச்சகத்தில் டிசைன் போடும் தம்பி ஒரு மணி நேரத்தில் கோடுகளை இழுத்துத் தந்துவிடுவார். பெட்டிக்கு ஏற்ப எண்களை ஒரே விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம். நிறத்திலும் கொஞ்சம் இடம் உண்டு. கணக்கு 'சிவப்பு' என்று சொல்லுமே தவிர மிளகாய் வற்றல் சிவப்பா, குங்குமச் சிவப்பா என்று பெரும்பாலும் கட்டாயப்படுத்தாது. பழைய சாயத்தின் மங்கிய சாயல், புதுச் சாயத்தின் அழுத்தமான சாயல் என்று நெசவாளர்களே வகை பிரித்து நெய்கிறார்கள்.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கணக்கே யாருடையதும் இல்லை என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். 2012-இல் இங்கிலாந்தின் ஒரு நீதிமன்றம், யார்க்‌ஷயர் கம்பளி ஆலையொன்று தன் கட்டத்துணிக்கு எழுதிவைத்திருந்த நெசவுக் குறிப்புக்கே பதிப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே புதிதாக வகுக்கப்பட்ட கட்டமென்றால், மாகாண அரசுக்கோ வகுத்தவருக்கோ ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுவதே வணிகனுக்கு அழகு. அரசுகள் தங்கள் அடையாளம் பரவுவதை விரும்பவே செய்யும். ஒரு வரி அனுமதி கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளலாம். சில கட்டங்கள் டார்டன் போலவே இருக்கும், ஆனால் அவை கம்பெனிகளின் வணிகச்சின்னம். இளம்பழுப்பில் கறுப்பு, வெள்ளை, சிவப்புக் கோடு ஓடும் பர்பெரி கட்டம் அப்படிப்பட்டது. அதன் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

வரைய நேரமில்லை, படமே வேண்டும் என்பவர்கள் 'விக்கிமீடியா காமன்ஸ்' என்ற பொதுத் தொகுப்பில் தேடலாம். இழைக் கணக்கைக் கொண்டு ஆர்வலர்கள் வரைந்து வைத்த கட்டங்கள் அங்கே நிறைய உள்ளன. ஆனால் படத்தின் கீழே உள்ள உரிமக் குறிப்பைப் படிக்காமல் எடுக்கக்கூடாது. 'பொதுவுடைமை' என்றும் 'சிசி ஜீரோ' என்றும் போட்டிருந்தால் வரைந்தவர் தரப்பில் தொல்லையில்லை. 'சிசி பை' என்றால் வரைந்தவர் பெயரைப் போட வேண்டும். 'எஸ்.ஏ.' என்று சேர்ந்திருந்தால், அதை மாற்றி நாம் செய்யும் டிசைனையும் மற்றவர்கள் அதே நிபந்தனையில் எடுத்துக்கொள்ள விட வேண்டும். லேபிளுக்கு இது ஒத்துவராது. வேறு இடங்களில் 'என்.சி.' என்று பார்த்தால் அது வியாபாரத்துக்கு ஆகாது. 'ராயல்டி ஃப்ரீ' என்ற சொல்தான் நம்மவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. அதற்கு இலவசம் என்று பொருளில்லை. ஒருமுறை காசு கட்டினால் மறுமுறை கேட்கமாட்டார்கள் என்றுதான் பொருள்.

அச்சகத்தாரிடம் பழியைப் போட்டுவிட்டு நாம் ஒதுங்குவதும் சரியில்லை. நோட்டீஸ் பெட்டியில் பெயர் உள்ளவருக்குத்தான் வருகிறது. டிசைன் செய்து தருபவரிடம் 'இது என் சொந்த வரைவு, உரிமை முழுவதையும் இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன்' என்று எழுத்தில் வாங்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம். உரிமை மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் நம் சட்டமே வைத்துக்கொள்கிறது. கனடாவுக்குச் சரக்கு அனுப்புகிறவர் 'உலகம் முழுவதும்' என்ற இரண்டு சொல்லை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சட்டம் பேசினால், 'சின்னக் கடைக்காரன் எங்கே போவான்' என்று சிலர் அலுத்துக்கொள்வது நம் காதில் விழுகிறது. ஆனால் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாம் இருபது வருடம் பாடுபட்டுப் பெயர் வாங்கிய பெருங்காயத்தின் லேபிளை அடுத்த ஊர்க்காரர் அப்படியே அச்சடித்தால் சங்கத்துக்கு ஓடி வருகிறோம். கூட்டம் போடுகிறோம், தீர்மானம் நிறைவேற்றுகிறோம். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தோம், கண்ட துணியையும் அந்தப் பெயரில் விற்க முடியாதென்று. நம் லேபிளுக்கு ஒரு நியாயம், படமெடுத்தவனுக்கு வேறு நியாயம் என்று நாம் வைத்துக்கொள்ள முடியாது. அதேநேரம், எளிய வியாபாரியை மிரட்டிப் படத்தின் சந்தை விலைக்குப் பல மடங்கு கேட்பதையே தொழிலாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நோட்டீஸ் வந்தவுடன் பயந்து பணம் அனுப்பிவிடாமல், 'உரிமைக்கு ஆதாரம் காட்டு' என்று முதலில் கேட்க வேண்டும்.

நம் உறுப்பினர் விஷயத்தில் அப்படித்தான் செய்தோம். ஆதாரம் காட்டினார்கள்; படம் அவர்களுடையதுதான். சங்கத்து வக்கீல் பேசியதில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கு முடிந்தது. மீதமிருந்த பெட்டிகளின் ஓரத்தில் வெற்றுத்தாள் ஒட்டவேண்டியதாயிற்று. அந்தக் கூலி தனி.

நமது சங்கம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களுக்குத் தேவைப்படும் மிளகாய், மஞ்சள், அரிசி, விளக்கு, கோலம், கட்டம் போன்ற படங்களைச் சங்கச் செலவில் வரைந்தும் எடுத்தும், உரிமைப் பத்திரத்துடன் அலுவலகத்தில் வைத்தால் என்ன? தலைக்குச் சிறு தொகை போட்டால் போதும். வரும் செயற்குழுவில் இதை வைக்கப் போகிறோம். உறுப்பினர்கள் தங்களுக்கு என்னென்ன படம் வேண்டும் என்று இம்மாத இறுதிக்குள் அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டுகிறோம். மேப்பிள் லீஃப் கட்டத்தை அந்த உறுப்பினரின் மகனே இப்போது இழைக் கணக்கு வைத்து வரைந்துகொண்டிருக்கிறான். அனுமதி கேட்டு ஒட்டாவாவுக்குக் கடிதமும் போயிருக்கிறது.