வேலியில் ஒன்று, மலையில் ஒன்று



நேற்று பேத்தி போனில் ஒரு படத்தைக் காட்டி, "தாத்தா, நம்ம மாநிலப் பூ செங்காந்தள் அழிஞ்சு போகுதா?" என்று கேட்டாள். என்னிடம் தாவரவியல் படித்தவர்களுக்கும் சேர்த்துப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

செங்காந்தளும், அகத்தியமலையில் பூக்கும் டிரூரி செருப்பு ஆர்க்கிடும் ஒருவித்திலைத் தாவரங்கள். இரண்டிலும் பூவின் கணக்கு மூன்று மூன்றாகத்தான் போகும். ஆனால் உலகச் சிவப்புப் பட்டியலில் செங்காந்தள் 'கவலை குறைந்த' இனம். ஆர்க்கிட் 'மிக ஆபத்தான' நிலையில் இருக்கும் இனம்.

காரணம் இதுதான். செங்காந்தள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவலாக வளர்வது. மண்ணுக்கடியில் கிழங்கு இருப்பதால் கோடையில் கொடி காய்ந்தாலும் மழையில் மறுபடி முளைக்கும். விதையில் கோல்ச்சிசின் என்ற மருந்துச் சரக்கு இருப்பதால் திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கம் பயிராகவே வைக்கிறார்கள்.

மஞ்சள் இதழில் பழுப்புக் கோடு ஓடும் அந்த ஆர்க்கிடுக்கு உலகத்திலேயே அகத்தியமலைப் பகுதி மட்டும்தான் வீடு. விதை தூசி மாதிரி, உள்ளே சேமித்த உணவு கிடையாது. மண்ணிலுள்ள பூஞ்சை துணை செய்தால்தான் முளைக்கும். அதை ஆசைக்காரர்கள் வேரோடு பிடுங்கிக் கொண்டுபோனார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இப்போது அதற்குக் காவல் உண்டு. பாலோடு தாவரவியல் பூங்காவினர் ஆய்வகத்தில் கன்று வளர்த்து மலைக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்படியானால் செங்காந்தளைப் பற்றிக் கவலை வேண்டாமா? வேண்டும் என்பது என் கருத்து. பட்டியல் உலகக் கணக்கைச் சொல்லும். நம்ம வேலியின் கணக்கைச் சொல்லாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் உயிர்வேலியில் அது தீயாய்ப் பூத்துக் கிடக்கும். இன்று அங்கே காம்பவுண்டுச் சுவர்தான். என் பங்கும் உண்டு. மாதிரி சேகரிக்க வருஷா வருஷம் உங்களைக் கிழங்கோடு பிடுங்கி வரச் சொன்னது நான்தானே! ஒரு பூ, ஒரு இலை போதும் என்று சொல்லியிருக்கலாம். தப்பு என்னுடையது.

சுவர் கட்டுகிறவர்கள் ஜேசிபி வருமுன் கிழங்கைத் தோண்டி ஒரு மூலையில் நட்டு வையுங்கள். கிழங்கும் விதையும் கொடிய விஷம். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடமாகப் பாருங்கள். மலை ஏறுகிறவர்கள் ஆர்க்கிடைத் தொடாமல் வாருங்கள்.

பேத்தியிடம் சொன்னேன்: "அழியல மக்ளே, ஆனா நம்ம தெருவ விட்டுப் போய்ட்டு. திரும்பக் கூட்டிட்டு வரணும்."

உங்கள் வீட்டு வேலியில் இன்னும் இருந்தால் கீழே எழுதுங்கள்.