பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம்!

எங்கள் தருமபுரி மாவட்டத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றிலிருந்து, பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிப்பதற்கு நல்ல புத்தகங்களாக இருபத்தைந்து பெயர் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். எந்தப் பள்ளியாயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்கிறபோது, அந்த ஒன்றை மட்டும் சந்தியில் நிறுத்துவது நியாயமாகாது. எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் பட்டியல் திரும்பி வந்தது. நான்கு பெயர்களின்மேல் சிவப்பு மையால் கோடு. ஓரத்தில், "பிள்ளைகள் மனம் கெட்டுப்போக ஏதுவாகும்" என்று ஒரு குறிப்பு. கையெழுத்து என்னவோ முத்து முத்தாக அழகாகத்தான் இருந்தது.

கோடு விழுந்தவை இவை: கி. ராஜநாராயணனின் 'கோமதி' என்ற கதை இடம்பெற்ற தொகுப்பு, சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா', பெருமாள்முருகனின் 'பூக்குழி'. முதல் மூன்றிலும் ஆணென்று ஊர் சொல்ல, பெண்ணென்று தன் மனம் சொல்லும் மனிதர்கள் வருகிறார்கள். நான்காவதில் ஒரு வாலிபன் வேறு ஜாதிப் பெண்ணை மணந்து தன் ஊருக்கு அழைத்து வருகிறான். மற்றபடி இந்த நான்கிலும் ஒரு சினிமாப் பாட்டில் இருக்கிற விரசம்கூடக் கிடையாது.

வேடிக்கை எங்கே என்றால், கோடு விழாமல் தப்பிய புத்தகங்களில் சிலப்பதிகாரத்தின் உரைநடை வடிவமும் மகாபாரதமும் இருந்தன. பக்தியோடு விட்டுவைத்திருக்கிறார்கள், படித்துப் பார்த்து விட்டுவைத்ததாகத் தெரியவில்லை. மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்றின் பெயர் பேடு. காமன் பேடி வேடம் பூண்டு வாணனுடைய நகரத்திலே ஆடியது அது. மணிமேகலையில் புகார் நகரத்து வீதியில் பேடியின் ஆட்டத்தைக் கூட்டம் கூடி நின்று பார்க்கிறது. இவ்வளவு ஏன்? ஆண்மை திரிந்தவர்களை எப்படிச் சொல்வது என்ற கேள்வி தொல்காப்பியருக்கே வந்திருக்கிறது. அவர்களுக்கென்று தனி ஈறு இல்லை, ஆயினும் அவர்கள் உயர்திணை என்று விதி செய்து வைத்தார். தொல்காப்பியர் உயர்திணையில் வைத்தவர்களை இந்தச் சிவப்பு மை எந்தத் திணையில் வைக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

புலவர்களின் விஷயம் போகட்டும். எங்கள் பக்கத்தில் திரௌபதியம்மன் கோயில் பாரதம் நடப்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் பிரசங்கியார் கதை சொல்லுவார், இரவெல்லாம் கூத்து. பிள்ளைகள் சாக்கை விரித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டிமார் பொரி கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். அர்ச்சுனன் தபசன்று மீசையை முறுக்கிக்கொண்டு மரம் ஏறிய அதே அர்ச்சுனன், விராட பருவத்திலே குஞ்சம் வைத்த சடையும் சலங்கையுமாகப் பிருகன்னளையாக வந்து உத்தரைக்கு ஆட்டம் சொல்லிக் கொடுப்பான். சிகண்டியைக் கண்டதும் பீஷ்மர் வில்லைத் தாழ்த்துவார். களப்பலிக்குப் போக நிற்கும் அரவானுக்கு ஒரு நாள் மனைவியாகக் கண்ணன் மோகினி உருவம் கொண்டு வருவான். அரவானை நினைத்துக் கிழவிகள் மூக்கைச் சிந்துவார்கள். பெண் வேஷம் கட்டிய ஆணின் கையில் பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்து ஆரத்தியில் விபூதி எடுத்துக்கொள்வார்கள். விடிந்ததும் பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். அன்றைக்குக் கணக்குப் பாடம் கெட்டிருக்கலாமே ஒழிய, வேறொன்றும் கெட்டதாக ஊர்ப் பஞ்சாயத்தில் யாரும் புகார் சொன்னதில்லை.

அப்படியானால் 'கோமதி' மட்டும் என்ன பாவம் செய்தது? அறுபதுகளில் எழுதப்பட்ட சின்னஞ்சிறு கதை. பெண் மனசு கொண்ட ஒரு சமையற்காரரைப் பற்றியது. முதலில் வாசகனைச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பு பாதித் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்படி செய்கிற கதை. பிருகன்னளைக்கும் கோமதிக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான். அவள் துவாபர யுகத்தில் இருக்கிறாள். இவர் அடுத்த வீட்டுச் சமையலறையில் இருக்கிறார். தெய்வமாக வந்தால் கற்பூரம் காட்டுவோம். மூன்றாவது தெருப் பையனாக வந்தால் கல் எறிவோம். புத்தகம் செய்கிற குற்றமெல்லாம், அந்த மூன்றாவது தெருவுக்கு நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப் போவதுதான்.

'பூக்குழி'யைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதை விலக்கியவர்கள் வேறு எந்த மாவட்டத்தவராயிருந்தாலும் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். 2012 நவம்பர் 7-ஆம் தேதி, ஜாதி கடந்து நடந்த ஒரு கல்யாணத்தைச் சாக்காக வைத்து, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தார்கள். 2013 ஜூலை 4-ஆம் தேதி அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளை இளவரசன் தருமபுரி ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தான். அந்த ஆண்டிலேயே வெளிவந்த 'பூக்குழி'யை ஆசிரியர் அவனுக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார். அந்நிய நாட்டவர்கள் ஆங்கிலத்தில் படித்து, 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். இன்று பதினாறு வயதாகும் எங்கள் பிள்ளைகள் அந்தத் தீ எரிந்தபோது இடுப்பில் இருந்த குழந்தைகள். அவர்களுக்கு அந்தக் கதை தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? தெரியும். டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள். திருமண வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவதைக் கேட்டிருக்கிறார்கள். யார் பேசினார்களோ அவர்களுடைய ஜாதிக்கு ஏற்றபடி கேட்டிருக்கிறார்கள். நாவலில் பெண்ணின் ஜாதி இன்னதென்று ஒரு வரிகூட இல்லை. அதனாலேயே படிக்கிறவன் யாராயிருந்தாலும் அவள் பக்கம் நின்று ஊரைப் பார்க்க வேண்டியதாகிறது. டீக்கடையை அனுமதித்துவிட்டு நாவலைத் தடுக்கிற புத்திசாலித்தனத்தை என்னவென்பது!

ஜாதி மீறிய காதலையும் பால் மீறிய மனசையும் ஒரே பட்டியலில் ஏன் கட்டுகிறீர் என்று ஒரு நண்பர் கேட்டார். நான் கட்டவில்லை, ஊர்தான் கட்டி வைத்திருக்கிறது. யார் யாரை நேசிக்கலாம், யார் எந்த உடையில் எந்த வீதியில் நடக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஊரிடம் இருக்கிறது. வேறு ஜாதிப் பெண்ணை நேசித்தவனுக்கும், தன்னைப்போன்ற இன்னொரு பெண்ணையே நேசிக்கும் பெண்ணுக்கும், தாவணி கட்டிப் பார்த்த பையனுக்கும் அது ஒரே நாற்காலியில் உட்கார்ந்துதான் தண்டனை சொல்கிறது.

"அதற்கெல்லாம் வயது இருக்கிறது, ஐயா. பச்சைப் பிள்ளைகள்" என்பார்கள். எங்கள் மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றி இவர்களுக்குத் தெரியாதா? ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல்லில் காவி படிந்த முகங்கள் இங்கே எத்தனை! அந்தக் காவி பெரியவனான பிறகு ஏறுவதன்று. ஈற்றுக்குள்ளே பல் உருவாகும் பருவத்தில் குடித்த தண்ணீர் செய்கிற வேலை. அதனால்தான் ஒகேனக்கல்லிலிருந்து குழாய் போட்டுக் காவேரியைக் கொண்டு வந்தார்கள். மனசும் அப்படித்தான். நடை கொஞ்சம் ஒசிந்திருக்கும் பையனைப் பார்த்து வகுப்பறை வைக்கிற பட்டப் பெயரை அவன் எட்டாம் வகுப்பிலேயே குடித்துவிடுகிறான். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஏ. ரேவதி தன் வரலாற்றில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வித்யா எழுதியிருப்பதைப் படியுங்கள். பள்ளிக்கூட நாட்களின் கேலி இரண்டிலும் வருகிறது. பட்டப் பெயருக்கு வயது வரம்பு வைக்காதவர்கள் புத்தகத்துக்கு மட்டும் பதினெட்டு என்கிறார்கள்.

இன்னொரு ஆட்சேபம், இது மேல்நாட்டுச் சரக்கு என்பது. மேலே சொன்ன தொல்காப்பியத்தையும் கூத்தையும் எந்தக் கப்பலில் இறக்கினார்கள் என்று சொன்னால் நானும் ஒத்துக்கொள்கிறேன்.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். திருநங்கைகளுக்கென்று நல வாரியத்தை 2008-லேயே அமைத்தது நம் தமிழ்நாடு. மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் 2014-ல் அங்கீகரித்தது. ஒரே பாலினத்தவரின் அன்பு குற்றமன்று என்று 2018-ல் தீர்ப்பளித்தது. 2021-ல், மதுரையிலிருந்து ஓடி வந்த இரண்டு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்குத் தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டறிந்து, அதற்குப் பிறகே தீர்ப்பெழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதி மாணவனாகலாம். மாணவன் மட்டும் ஆகக் கூடாது! அதே ஆண்டில்தான் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சி மன்றம், பால் மாறிய பிள்ளைகளைப் பள்ளியில் எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்கொரு கையேடு தயாரித்து வெளியிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. சிவப்பு மை தருமபுரியில் மட்டும் விற்பதில்லை.

என் கோபம் அந்தப் பள்ளிக்கூடத்தின்மேல் என்று வாசகர்கள் நினைத்துக்கொண்டு நிம்மதியடைய வேண்டாம். 'வாடாமல்லி' ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. கல்லூரி மாணவன் சுயம்பு மேகலையாக மாறும் அவஸ்தையை வாரா வாரம் நம்முடைய வீடுகளில்தான் படித்தோம். சமுத்திரம் சில இடங்களில் பிரசங்கம் செய்கிறார், குரலை உயர்த்துகிறார் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் அந்தத் தாயும் பிள்ளையும் மனசை விட்டுப் போவதில்லை. நம் பெண்மணிகள் அழுதார்கள். ஆண்கள் அழவில்லை என்று காட்டிக்கொண்டு படித்தார்கள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு எத்தனை பேர் அந்தப் புத்தகத்தை மகன் மேஜையில் வைத்தார்கள்? நமக்குக் கண்ணீர் வேண்டியிருந்தது; பிள்ளைக்கு அறிவு வேண்டாமென்று முடிவு செய்துவிட்டோம். நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமானின் ஊர்க்காரர்கள் நாங்கள். கனியைத் தின்று கொட்டையையும் ஒளித்து வைப்பதில் இப்போது தேறியிருக்கிறோம்.

ஆனால் பட்டியல் போடுகிறவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. இத்தகைய பாத்திரம் வருகிறது என்ற ஒரே தகுதிக்காக எந்தப் புத்தகத்தையும் சிபாரிசு செய்யக் கூடாது. பரிதாபத்துக்காகவே படைத்து, பதினைந்தாம் அத்தியாயத்தில் கொன்றுவிடுகிற கதைகள் ஏராளம். 'ஐயோ பாவம்' என்பதும் ஒரு பட்டப் பெயர்தான். கொஞ்சம் மரியாதையாகச் சொல்லப்பட்டது, அவ்வளவே. ஈ. எம். பார்ஸ்டர் என்ற ஆங்கில நாவலாசிரியரை நம்மில் பலருக்கு 'எ பாசேஜ் டு இந்தியா' எழுதியவராகத் தெரியும். இரண்டு ஆண்களின் காதலை வைத்து 'மாரிஸ்' என்றொரு நாவலை அவர் 1914 வாக்கில் எழுதி முடித்தார். இருவரும் கடைசியில் சேர்ந்து வாழ வேண்டும், சாகக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். சட்டம் தண்டிக்கிற குற்றத்துக்குச் சுப முடிவா? பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அவர் 1970-ல் இறந்த பிறகு, 1971-ல்தான் அது அச்சாயிற்று. ஐம்பத்தேழு வருஷம்! அந்த ஐம்பத்தேழு வருஷமும் எத்தனை வாலிபர்கள், தங்களுக்கென்று எழுதப்பட்ட புத்தகம் ஒன்று பூட்டிக் கிடப்பது தெரியாமலே கிழவராகிப் போயிருப்பார்கள்.

தமிழில் அந்தப் பெட்டியைத் திறந்தாலும் அதிகம் கிடைக்காது. திருநங்கையைப் பற்றியாவது நாலு நல்ல புத்தகம் சொல்லலாம். பெண்ணை நேசிக்கும் பெண், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையும் எழுதி, வேலைக்கும் போய், உயிரோடும் இருக்கிற ஒரு நாவலைப் பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கலாமென்று தேடினால் கை வெறுமையாகத் திரும்புகிறது. நம் கதாசிரியர்கள் குளத்தையும் கயிற்றையும் கொஞ்ச காலத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டு எழுதிப் பார்க்கட்டும்.

அதுவரை இருப்பதைக் கொடுங்கள். அந்த நான்கோடு, ஆடு மேய்க்கும் பிள்ளைகளைப் பற்றிய 'கூளமாதாரி'யையும், பதினைந்து வயதுப் பையன் கதாநாயகனாக வரும் பூமணியின் 'வெக்கை'யையும் கொடுங்கள். மணிக்கட்டில் கட்டுகிற கயிறு என்ன ஜாதி என்று விசாரிக்கும் வகுப்பறைகளுக்கு விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' என்ற சின்னப் புத்தகம் போதும். பெண்ணையே நேசிக்கிற பெண்ணுக்கு இவற்றிலே தன் கதை கிடைக்காது. ஆனால் ஊரின் தீர்ப்பை ஊரார் அல்லாத ஒருவர் எழுதிப் பார்த்திருக்கிறார் என்பதாவது தெரியும்.

நூலகர்களுக்கு ஒரு வார்த்தை. 1948-லேயே பொது நூலகச் சட்டம் செய்த மாகாணம் இது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறீர்கள். அதில் இன்ன மனசுக்காரர் பணம் வேண்டாம் என்று யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. இந்தப் புத்தகங்களுக்குத் தனி அலமாரி வேண்டாம். அந்த அலமாரி பக்கம் போனாலே பிள்ளையின் பெயர் ஊரெல்லாம் அடிபடும். எழுத்து வரிசையில் கல்கிக்கு அடுத்தாற்போல் கி. ரா. இருக்கட்டும். இரவல் பதிவேட்டை மேஜைமேல் விரித்துப் போட்டிருக்கிறீர்களே, அதையும் கொஞ்சம் மூடி வையுங்கள். யார் எதை எடுத்தான் என்று அடுத்து வருகிறவன் படிப்பதற்கு அதுவும் ஒரு நாவலா? ஜன்னலோரமாக ஒரு பெஞ்சு போட்டுவிட்டால், வீட்டுக்குக் கொண்டுபோக அஞ்சுகிற பிள்ளை அங்கேயே உட்கார்ந்து நாலு நாளில் படித்து, எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போகும். பிரதி ஒன்றிரண்டு காணாமல் போனால் பதற வேண்டாம். கணக்கில் தள்ளிவிட்டு எனக்கு ஒரு தபால் அட்டை போடுங்கள். வேறு பிரதி வாங்கி அனுப்புகிறேன்.