வீட்டில் இருந்தாலும் சக ஊழியர்தான்



நம் இதழுக்கு அரூரிலிருந்து மெய்ப்புப் பார்த்துத் தருகிறார் ஒரு தோழி. அவருக்குக் காது கேட்காது. அதனால் போன் பேச்சே கிடையாது. பக்க எண், பத்தி, பழைய சொல், புதிய சொல் என்று எல்லாத் திருத்தமும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வரும், போகும். இந்த ஏற்பாடு வந்த பிறகு, ‘போனில் அப்போதே சொன்னேனே!’ என்ற வழக்கமான சண்டை ஆசிரியர் குழுவில் அடங்கிவிட்டது. இப்போது எல்லோருக்கும் இதே முறைதான்.

முன்பெல்லாம் அரூரில் படித்த பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை என்றால், மொரப்பூரில் ரயில் ஏறியோ பஸ் பிடித்தோ வெளியூர் போய் அறை எடுத்துத் தங்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது லேசில் நடக்கிற காரியமா? 2020 ஊரடங்கில் வேலையே வீடு தேடி வந்தது. ஆனால் லேப்டாப்பைக் கொடுத்ததோடு தம் கடமை முடிந்தது என்று பல நிறுவனங்கள் இருந்துவிடுகின்றன.

பார்வையற்ற ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர், திரையில் இருப்பதை அவருக்குப் படித்துச் சொல்லும். மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இரு ஆஸ்திரேலியர்கள் உருவாக்கியது. காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மேலாளர் சுற்றறிக்கையை செல்போனில் படம்பிடித்து அனுப்பினால், அது வெறும் படம்தான். உள்ளே இருக்கும் எழுத்து பல நேரம் ஸ்க்ரீன் ரீடருக்குப் பிடிபடாது. அதையே டைப் செய்த கோப்பாக அனுப்பினால் பிரச்சினை தீர்ந்தது.

ஆட்டிசம் உள்ள ஒருவருக்கு, முன்னறிவிப்பின்றி வரும் வீடியோ அழைப்பே அன்றைய நாளைக் குலைத்துவிடக்கூடும். என்ன பேசப்போகிறோம் என்று முந்தின நாளே எழுதி அனுப்பலாம். கேமராவை அணைத்துவைக்க விடலாம். ஏடிஎச்டி என்ற கவனச்சிதறல் குறைபாடு உள்ளவரிடம் நான்கு வேலைகளை ஒரே மூச்சில் வாயால் சொல்லாமல், எது முதலில், எப்போதைக்குள் என்று எழுதிக் கொடுக்கலாம். எது தேவை என்று அவரவரையே கேட்டுவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

இந்த ஏற்பாடுகளைச் சலுகை என்று நினைத்துத் தயங்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தேவையான நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையும் பாகுபாடு என்றே சொல்கிறது. தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் சட்டத்தின் 21 வகைகளில் இடம்பெற்றுள்ளன. 40 சதவீதக் குறைபாடு உண்டு என்ற சான்றிதழ் இருந்தால்தான் உதவி என்பதும் சரியில்லை. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் குறைபாடுள்ள விகாஷ் குமார், சிவில் சர்வீஸ் தேர்வில் உதவி எழுத்தர் கேட்டு வழக்குத் தொடுத்தார். நியாயமான ஏற்பாட்டுக்கு அந்த 40 சதவீத வரம்பு கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொரு கவலையும் உண்டு. கண்ணில் படாதவர் பதவி உயர்வுப் பட்டியலிலும் படாமல் போகிறார். டீக்கடைப் பேச்சில் முடிவாகும் விஷயங்கள் அவருக்குத் தெரிவதில்லை. முடிவுகளை எழுதி எல்லோருக்கும் அனுப்புவதும், வாரம் ஒருமுறையாவது வேலையைத் தாண்டி ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்பதும் மேலாளரின் வேலையில் சேர்ந்தவைதான்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளி வாசகர்களே, எந்தச் சின்ன ஏற்பாடு உங்கள் வேலையை எளிதாக்கியது, எதைக் கேட்டும் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். குரல் பதிவாக அனுப்பினாலும் சரி. முதலாளிகளும் தங்கள் தரப்பைச் சொல்லலாம். வரும் இதழ்களில் அவற்றுக்குப் பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்