அடங்கிய எஞ்சினும் அடுத்த வீட்டு ஜன்னலும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், நம் சபையின் வாலிபர் ஒருவர் வாசலில் காத்திருந்தார். "பாஸ்டர், காருக்கு வேறு சைலன்சர் போட்டால் தவறா?" என்று கேட்டார். பல ஆண்டுச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து, இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறார். வேகத்தில் குறையில்லை. சத்தம்தான் போதவில்லையாம். "உள்ளே உட்கார்ந்தால் வாக்குவம் கிளீனர் ஓட்டுவது போல் இருக்கிறது, பாஸ்டர்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. கல்லூரி நாட்களில் என் யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியின் சைலன்சருக்குள் இருந்த பஃபிளைக் கழற்றிவிட்டு, தெருவெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சென்றவன் நான். ஆகையால் அந்த ஆசையை அற்பமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நல்ல எஞ்சினின் முழக்கம் உள்ளத்தை அசைக்கிறது. அது உண்மை.

முதலில், டர்போ எஞ்சின் ஏன் அடங்கி ஒலிக்கிறது என்பதை அறிந்துகொள்வோம். சாதாரண எஞ்சினில், எரிந்த வாயு ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் அடியடியாய் வெளியே பாய்கிறது. அந்த அடிகளே நம் காதில் முழக்கமாய் விழுகின்றன. டர்போவிலோ, வாயு வெளியேறும் வழியில் ஒரு சிறு சக்கரம் குறுக்கே நிற்கிறது. வாயுவின் வெப்பமும் விசையும் அச்சக்கரத்தை நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழற்றுகின்றன. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் புதுக் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூகி என்ற பொறியாளர் இவ்வழியில் சிந்தித்து 1905-இல் காப்புரிமை பெற்றார். வீணாய்ப் போகவேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி வேலை செய்துவிடுகிறது. அடிகளின் கூர்மையும் மழுங்கிவிடுகிறது. அந்தத் தம்பி குறையென்று எண்ணும் அமைதி, அவர் பெருமைப்படும் வேகத்திற்குச் செலுத்தப்பட்ட விலை.

இந்த ஏக்கம் அவருக்கு மட்டும் உரியதன்று. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2013 வரை நிமிடத்திற்கு 18,000 சுற்று சுழன்ற 2.4 லிட்டர் வி8 எஞ்சின்கள் அலறின. 2014-இல் 1.6 லிட்டர் வி6 டர்போ வந்தது. டர்போவின் தண்டோடு இணைந்த மின் இயந்திரம் ஒன்று, மீந்திருந்த ஆற்றலையும் மின்சாரமாக்கியது. ரசிகர்கள் முறையிட்டார்கள். அவ்வாண்டு மே மாதம் பார்சிலோனாவில் நடந்த சோதனை ஓட்டத்தில், மெர்சிடஸ் அணி காரின் பின்புறம் எக்காளம் போல் விரிந்த குழாயொன்றைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தது. பார்க்க வேடிக்கையாய் இருந்ததே தவிர, எதிர்பார்த்த முழக்கம் எழவில்லை. 2016-இல்தான் ஓரளவு பயன் கிட்டியது: டர்போவுக்கு வேண்டாத மிகுதி வாயு விலகிச் செல்லும் வேஸ்ட்கேட் வழிக்குத் தனிக் குழாய் வேண்டுமென விதி மாறியது. உலகின் தலைசிறந்த பொறியாளர்களுக்கே ஒலியைத் திரும்பப் பெறுவது எளிதாயிருக்கவில்லை.

நம் ஊர்ப் பட்டறைகளில் அது மிக எளிது என்கிறார்கள். எளிய வழிகள் மூன்றை அவர்கள் தம்பிக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றும் எனக்கு உடன்பாடில்லை.

முதலாவது, டர்போவை அடுத்துள்ள டவுன்பைப்பில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடுவது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடு, கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. அதை நீக்கினால் சத்தம் கூடும், சற்று சக்தியும் கூடும். நஞ்சைச் சுவாசிக்கிறவர் பின்னால் ஸ்கூட்டரில் பிள்ளையை அமர்த்தி வருகிறவர். இரண்டாவது, மஃப்ளரை வெட்டிவிட்டு வெறும் குழாயைப் பற்றவைப்பது. மூன்றாவது, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் படபடவென வெடிக்கும்படி எஞ்சினின் கணினியில் நிரலை மாற்றுவது. பற்றவைப்பைத் தாமதப்படுத்தி, எரிபொருளை வெளியேற்றக் குழாயிலேயே எரியவிடும் தந்திரம் இது. அந்த வெப்பம் கன்வெர்ட்டரையும் டர்போவையும் அரித்துவிடும். துப்பாக்கிச் சத்தமென்று தெருவில் நாய்கள் ஓடுவதை நானே கண்டிருக்கிறேன்.

இத்தம்பியின் தெருவிலேயே நம் சபையைச் சேர்ந்த தாயார் ஒருவர் வசிக்கிறார். இருவருடைய சம்மதத்தோடும் இதை எழுதுகிறேன். அவர் கணவர் பக்கவாதத்தால் படுத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வலியோடு போராடி அவர் கண்ணயர்வதற்கு இரவு பதினொன்று ஆகிவிடும். அவர் உறங்கிய பின்னரே அம்மாவும் தலை சாய்ப்பார். ஏற்கெனவே அத்தெருவில் வேறொரு வண்டி நள்ளிரவில் உறுமிச் செல்கிறது. விழித்துக்கொண்டவர் மறுபடி உறங்க விடியலாகிறது. "யாரென்று தெரியாது, பாஸ்டர். தெரிந்தாலும் போய் எப்படிக் கேட்பது?" என்றார் அந்த அம்மா.

சட்டமும் இதை அறியாததன்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரையறுக்கின்றன. டெசிபல் கணக்கு நம் கூட்டல் கணக்கைப் போன்றதல்ல. மூன்று கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தன்னிச்சையான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்திற்குப் பின், ஒலி, புகை வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ நேரிடலாம். ஆனால் அபராதத்திற்குப் பயந்து மட்டும் அடங்குகிறவர், போலீசார் இல்லாத தெருவில் அடங்கமாட்டார். நமக்கு வேறொரு அளவுகோல் உண்டு. அதிகாலையில் உரத்துச் சொல்லும் வாழ்த்துகூட அயலானுக்குச் சாபமாய்ப் படும் என்பது நீதிமொழிகள் 27-ஆம் அதிகாரத்தின் எச்சரிப்பு. வாழ்த்துக்கே அப்படியென்றால், சைலன்சருக்கு என்ன சொல்வது!

"அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா?" என்று தம்பி முகம் வாடினார். இல்லை, அன்பானவர்களே. ஒலியின் அளவு வேறு, தன்மை வேறு. கன்வெர்ட்டரைத் தொடாமல், அதற்குப் பின்னுள்ள பகுதியை மட்டும் மாற்றும் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திறந்து மூடும் வால்வு உள்ளதைத் தேர்ந்தால், மூடியிருக்கும்போது தெருவில் அடக்கமும், பந்தயத் தடத்தில் திறக்கும்போது முழக்கமும் கிடைக்கும். ரெசனேட்டரை எக்காரணத்தாலும் விட்டுவிடக்கூடாது. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் எழும் ரீங்காரம் ஓட்டுகிறவருக்கே தலைவலி தரும். அங்கீகாரச் சான்றுள்ள குழாய்தானா, பதிவு விவரங்களோடு முரண்படாதா என்று வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு வழியும் உண்டு. அதைச் சொன்னால் வாலிபர்கள் என்மீது கோபிப்பார்கள். பிஎம்டபிள்யூ நிறுவனம் 2011-இல் வந்த எம்5 காரில், எஞ்சின் ஒலியை உள்ளேயுள்ள ஸ்பீக்கர் வழியாகவும் ஒலிக்கச் செய்தது. போலிச் சத்தமென்று கார்ப் பிரியர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள். எனக்கோ அதில் ஒரு நாகரிகம் தெரிகிறது. யாருக்கு அந்த ஒலி பிடிக்கிறதோ அவர் காதோடு அது நின்றுவிடுகிறது. இதைச் சொன்னபோது தம்பி, "அது பாட்டுக் கேட்பது மாதிரி, பாஸ்டர்" என்று முகம் சுளித்தார். அந்த வாதத்தில் நான் தோற்றுவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

அந்தத் தாயாரைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் பேசவில்லை. சற்று நேரங்கழித்து, "எந்த வீடு?" என்று கேட்டார். அன்று மாலையே போய்ப் பார்த்தும் வந்திருக்கிறார்.

வால்வு உள்ள குழாய்க்குத்தான் முன்பணம் கட்டியிருக்கிறார். பொருத்தியபின் முதல் இரவு, வால்வை மூடியபடி பதினொரு மணிக்கு அவ்வீட்டு வழியே மெதுவாக வருவார். ஜன்னலருகே அந்த அம்மாவும் நானும் அமர்ந்து செவிகொடுக்கப் போகிறோம். உள்ளறையில் ஐயா விழித்துக்கொண்டால், மறுநாளே பழைய சைலன்சரை மாட்டிவிடுவதாகத் தம்பியே சொல்லியிருக்கிறார்.